பண்ணைக் கடனுக்கு முன் காட்டு வில்லங்கம் பார்ப்பது எப்படி? செயற்கைக்கோள் வழிச் சரிபார்ப்புக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் உட்கார்ந்தபடி பிரேசில் பண்ணைகளைப் பார்ப்பது என் வேலை. அங்கே ஒரு வங்கி சோயாவுக்கோ மாட்டுப் பண்ணைக்கோ கடன் கொடுப்பதற்கு முன், அந்த நிலத்தில் காட்டை வெட்டியிருக்கிறார்களா என்று கேட்கும். கொடுத்த பிறகும் கடன் முடியும்வரை அவ்வப்போது கேட்கும். நம்மூர் வங்கி வீட்டுக் கடனுக்கு வில்லங்கச் சான்றிதழ் கேட்பதில்லையா, அதுபோலத்தான். ஒரே வித்தியாசம், இங்கே சான்றிதழ் எடுத்துத் தர ஒரு பதிவு அலுவலகம் கிடையாது. விண்வெளிப் படங்களையும் அரசு வரைபடங்களையும் வைத்து நாமே எழுத வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடங்களை வைத்து ஆராயும் முறை, நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனாலும் முதல் கோப்பைக் கையில் கொடுத்ததும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் போன பிறகு பார்த்த இடம் தவறு, அல்லது தேதி தவறு, அல்லது வங்கி கேட்ட கேள்வியே வேறு என்று தெரியவருகிறது. கீழே உள்ள வரிசையில் படத்தைத் திறப்பது ஏழாவது படி. முதல் ஆறையும் முடிக்காமல் அங்கே போகாதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடன் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பிரிவு, முழு வாசகத்தோடு. வங்கி அதிகாரி மின்னஞ்சலில் எழுதி அனுப்பிய சுருக்கம் போதாது. தேதியும் 'காடு' என்ற சொல்லின் பொருளும் அந்தச் சுருக்கத்தில்தான் தொலைந்துபோகும்.

பண்ணையின் பதிவு எண், எல்லைக் கோப்பு, கடன் எந்தத் துண்டு நிலத்துக்கு என்ற ஆயத்தொலைவுகள்.

மென்பொருளில் கியூஜிஐஎஸ் போதும். படங்களுக்கு கோபர்னிகஸ் பிரவுசரில் இலவசக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். கூகுள் எர்த் எஞ்சினைக் கல்லூரியில் இலவசமாகப் பழகிவிட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வணிக வேலைக்கு அதற்குக் கட்டண உரிமம் தேவை. வங்கிக்குச் செய்வது வணிக வேலைதான்.

அப்புறம் ஒரு பதிவுத்தாள். எந்தத் தரவு, எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் இறக்கியது, எந்தப் படம் என்று ஒவ்வொன்றையும் செய்யும்போதே எழுதுங்கள். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் சரியாக எழுதி நான் பார்த்ததில்லை.

## 1. எந்த முடிவுக்காகப் பார்க்கிறோம் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

பிரேசிலின் விவசாயக் கடன் என்றால் அந்நாட்டு தேசிய நாணயக் குழுவின் தீர்மானங்கள் பொருந்தும். 2024 டிசம்பரில் வந்த 5193-ஆம் தீர்மானம், 31 ஜூலை 2019-க்குப் பிறகு இயற்கைத் தாவரங்கள் அகற்றப்பட்ட பண்ணைகளை பிரோடெஸ் என்ற அரசுக் காடழிப்பு வரைபடத்தைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. பண்ணையின் அளவைப் பொறுத்து இது படிப்படியாக அமலாவதால், ஒவ்வொரு கோப்புக்கும் அன்றைய வாசகத்தை எடுத்துப் பாருங்கள்.

விளைபொருள் ஐரோப்பாவுக்குப் போகிறது, வாங்குபவரின் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் கட்-ஆஃப், அதாவது எந்தத் தேதிக்குப் பிந்திய வெட்டு கணக்கில் வருமோ அந்தத் தேதி, 31 டிசம்பர் 2020. மூன்றாவது வகையும் உண்டு: வட்டி விகிதத்தைச் சுற்றுச்சூழல் இலக்கோடு கட்டிய கடன். இலக்கை எட்டினால் வட்டி சற்று இறங்கும், தவறினால் ஏறும். அங்கே 'இருக்கிறதா இல்லையா' என்பதோடு வேலை முடியாது. எத்தனை ஹெக்டேர் என்ற எண்ணும் வேண்டும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஒரே வெட்டுக்கு மூன்று கடனிலும் மூன்று பதில் வரும் என்பதுதான். பிரேசிலின் 2012 வனச் சட்டப்படி, அமேசான் பகுதியின் காட்டு நிலத்தில் உரிமையாளர் 80 சதவீதத்தைக் காப்பாக விட வேண்டும். சட்டப்படியான அமேசான் எல்லைக்குள் வரும் செராடோ புல்வெளிக் காட்டில் 35, மற்ற இடங்களில் 20. மீதியை அனுமதி வாங்கி வெட்டலாம். அனுமதியோடு வெட்டியவருக்கு விவசாயக் கடனில் வழி இருக்கிறது. 'காடழிப்பே கூடாது' என்று கையெழுத்திட்டவருக்கு அதே வெட்டு ஒப்பந்த மீறல்.

## 2. 'காடு' என்றால் என்ன என்பதை ஒப்பந்தத்திலிருந்து எடுங்கள்

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறை: அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் கிளைமூட்டம் (மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடியிருக்கும் பரப்பு), விவசாயப் பயன்பாட்டில் உள்ள நிலம் சேராது. ஐரோப்பியச் சட்டமும் இதைத்தான் எடுத்துக்கொண்டது. இதன்படி செராடோவின் திறந்த புல்வெளிகள் பல 'காடு' ஆகாது. பிரேசிலின் கடன் தீர்மானமோ 'இயற்கைத் தாவரங்கள்' என்கிறது. அதில் அந்தப் புல்வெளியும் அடங்கும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு தடுமாறுவது இந்த இடத்தில்தான். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான். அது காட்டுவது மரப்போர்வை இழப்பு. 5 மீட்டருக்கு மேல் இருந்த மரம் போனால் அதில் பதிவாகும். யூகலிப்டஸ் தோப்பை அறுவடை செய்தாலும் இழப்பு, தீயில் கருகினாலும் இழப்பு. ஒரு பயிற்சியாளர் யூகலிப்டஸ் தோப்பின் அறுவடையைக் 'காடழிப்பு 240 ஹெக்டேர்' என்று எழுதிக்கொண்டு வந்தார். நம்மூர் சவுக்குத் தோப்பை வெட்டுவதற்கும் சோலைக்காட்டை வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிக்சலுக்குத் தெரியாது.

இன்னொன்று, அந்தத் தளம் கிளைமூட்டத்தின் அளவை 30 சதவீதம் என்று தானாகவே வைத்திருக்கும். ஒப்பந்தம் 10 என்றால் நீங்கள் மாற்ற வேண்டும். மாற்றிய எண்ணைப் பதிவுத்தாளில் எழுதுங்கள்.

## 3. கட்-ஆஃப் தேதியைத் தரவின் நாட்காட்டிக்கு மாற்றுங்கள்

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் அமேசானுக்கு ஆண்டுதோறும் வெளியிடும் காடழிப்பு வரைபடம் பிரோடெஸ். அதன் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. பிரோடெஸ் 2020 என்றால் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூலை வரை.

ஆகவே 31 ஜூலை 2019 என்ற கட்-ஆஃபுக்கு பிரோடெஸ் 2020 முதல் எடுத்தால் சரியாகப் பொருந்தும். அந்தத் தேதி வந்ததே இந்த நாட்காட்டியால்தான். 31 டிசம்பர் 2020 அப்படிப் பொருந்தாது. அது பிரோடெஸ் 2021-இன் நட்டநடுவில் விழுகிறது. அந்த ஆண்டு முத்திரையுள்ள துண்டுகளை ஒன்றுவிடாமல் ஏழாவது படியில் கண்ணால் பிரித்தாக வேண்டும்.

மேகத்தையும் மறக்காதீர்கள். ஒரு வருடம் முழுக்க மேகம் மூடியிருந்த இடத்தில் நடந்த வெட்டு, மேகம் விலகிய வருடத்தின் கணக்கில் ஏறும். முத்திரை, கண்டுபிடித்த ஆண்டைச் சொல்கிறது. வெட்டிய ஆண்டு முந்தியதாக இருக்கலாம்.

## 4. எல்லையைச் சரிபாருங்கள் (பாதி வேலை இதுதான்)

பிரேசிலில் ஒவ்வொரு கிராமப்புறச் சொத்துக்கும் ஒரு சுற்றுச்சூழல் பதிவேடு உண்டு. சுருக்கப் பெயரைத் தமிழில் 'கார்' என்று எழுதினால் வண்டி ஓட ஆரம்பித்துவிடும், சி.ஏ.ஆர். என்றே எழுதுகிறேன். இதைப் பட்டா என்று நினைக்காதீர்கள். உரிமையாளர் தானே வரைந்து தானே பதிவேற்றும் சுய அறிக்கை. மாநில அரசு அதை முழுதாகச் சரிபார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரை கோடு அவர் போட்டதுதான்.

முதலில் பதிவின் நிலையைப் பாருங்கள்: நடப்பில் இருக்கிறதா, நிலுவையா, இடைநிறுத்தமா, ரத்தா. பதிவு எண் மாநிலத்தின் இரண்டெழுத்து, நகராட்சியின் ஏழு இலக்கம், பிறகு 32 எழுத்து என்று நீளும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது ஓர் எழுத்து விடுபட்டால் தேடலில் ஒன்றும் வராது. உடனே கடன்காரரிடமே வரைபடம் கேட்டு மின்னஞ்சல் போடுவது பெரிய தவறு. அவர் புதிதாக ஒன்றை வரைந்து அனுப்புவார், வெட்டிய மூலை அதில் இருக்காது. பொதுத் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள்.

அடுத்து, எல்லை விழும் இடம். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தின் வடக்கே ஒரு பண்ணை ஏறத்தாழ அட்சரேகை மைனஸ் 12, தீர்க்கரேகை மைனஸ் 55-இல் இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பண்ணை தெற்கு அட்லாண்டிக் கடலில் மிதக்கும். மைனஸ் குறிகளை விட்டுவிட்டால் சொகோத்ரா தீவுக்குக் கிழக்கே அரபிக்கடலில் இருக்கும். கடலில் விழுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு இலக்கம் மாறி, பக்கத்துப் பண்ணையில் விழுவதுதான் ஆபத்து. அதனால் எல்லையை வைத்ததும் நகராட்சியின் பெயர் பதிவு எண்ணோடு பொருந்துகிறதா, பரப்பளவு ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

மூன்றாவது, ஆள்கூற்று முறை, அதாவது ஆயத்தொலைவுகளை எந்த அடிப்படையில் அளக்கிறார்கள் என்பது. பிரேசிலின் அதிகாரபூர்வ முறை சிர்காஸ் 2000. பழைய ஆவணங்கள் சாட்-69 முறையில் இருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 65 மீட்டர் விலகல். சின்னதாகத் தோன்றும். ஆனால் 3 கிலோமீட்டர் நீள எல்லை 65 மீட்டர் நகர்ந்தால் 19.5 ஹெக்டேர் ஆகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் வெட்டியது உங்கள் கடன்காரர் தலையில் விழ அது போதும்.

நான்காவது, உட்பிரிவு. சர்வே எண்ணைப் பிரித்து வில்லங்கமில்லாத பாதியை மட்டும் அடமானம் வைக்கும் வித்தை நமக்குப் பழக்கம்தான். அங்கேயும் அதே கதை: வெட்டிய பகுதியை ஒரு பதிவாகவும் சுத்தமான பகுதியை இன்னொரு பதிவாகவும் ஆக்கி, சுத்தமானதைக் காட்டிக் கடன் கேட்பார்கள். நாம் மூலப்பத்திரம் கேட்பதுபோல, பதிவின் பழைய வடிவங்களைக் கேளுங்கள். எல்லையைத் தொட்டிருக்கும் பதிவுகளையும் எடுத்து, ஒரே சாலை, ஒரே வேலி, ஒரே வயல் தொடர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். பொதுத் தளத்தில் இறக்கும் எல்லைக் கோப்பில் உரிமையாளர் பெயர் வராது. சந்தேகம் வந்தால் பெயரைக் கேட்பது வங்கியின் வேலை. நாம் கேள்வியை எழுதிக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, கடன் வாங்கும் துண்டும் முழுப் பண்ணையும் வேறு வேறு கோடுகள். 80 ஹெக்டேர் சோயாவுக்குக் கடன், பண்ணை 1,200 ஹெக்டேர் என்றால், ஒப்பந்தம் எதைப் பார்க்கச் சொல்கிறது என்று முதல் படிக்குத் திரும்பிப் பாருங்கள். சந்தேகம் என்றால் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து இரண்டு எண்களையும் கொடுங்கள்.

## 5. எந்தத் தரவு எதற்கு

ஆண்டுக் கணக்குக்கும் தீர்மானத்தின்படியான முடிவுக்கும் பிரோடெஸ். அமேசானின் ஆண்டு விகிதத்தில் அது 6.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டுகளைத்தான் எண்ணுகிறது. நம் கணக்கில் சுமார் பதினைந்தரை ஏக்கர். ஒருமுறை வெட்டிய இடம் என்று குறித்துவிட்டால், காடு மறுபடி வளர்ந்தாலும் அது முகமூடிக்குள்ளேயே, அதாவது இனிப் பார்க்க வேண்டாம் என்று மூடிவைத்த பகுதியிலேயே, இருக்கும். வளர்ந்த காட்டை இரண்டாம் முறை வெட்டினால் பிரோடெஸ் சொல்லாது.

டெட்டர், அதே இன்பேயின் தினசரி எச்சரிக்கை. கள அதிகாரிகளை அனுப்புவதற்காக வந்தது. கடனுக்குப் பிந்தைய கண்காணிப்புக்கு நல்லது. பரப்பளவு அளப்பதற்கு எடுக்காதீர்கள். இன்பேயே அதற்கு பிரோடெஸைத்தான் பார்க்கச் சொல்கிறது. டெட்டர் பயன்படுத்தியிருக்கும் படங்களில் நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் கேமராவின் படங்களும் உண்டு என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவார்கள்.

மழைக்காலத்துக்கு ராடார். அமேசானில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை மேகம் இல்லாத படம் கிடைப்பதே அரிது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் மேகத்தை ஊடுருவும். அதை வைத்து வாகனிங்கன் பல்கலைக்கழகம் வெளியிடும் ராட் எச்சரிக்கை 10 மீட்டர் நுணுக்கம் கொண்டது. ஆனால் அது ஈரமண்டல முதன்மைக் காடு என்று முன்பே குறித்த இடங்களுக்குள் மட்டும் பார்க்கிறது. காடும் செராடோவும் கலக்கும் விளிம்பில் எச்சரிக்கை வராததை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்; அங்கே அது பார்க்கவே இல்லாமல் இருக்கலாம். 'குறைந்த நம்பிக்கை' என்று வரும் எச்சரிக்கைகள் 90 நாளுக்குள் உறுதியாகாவிட்டால் நீக்கப்படும். அவற்றை வைத்து வங்கிக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

மாப்பயோமாஸ் அலெர்ட்டா என்ற பிரேசில் தளம் பல மூலங்களின் எச்சரிக்கைகளை உயர் நுணுக்கப் படங்களோடு சரிபார்த்து, முன்-பின் படங்களோடு அறிக்கை தருகிறது. நேரம் குறைவாக இருக்கும் நாளில் முதலில் அதைத் திறப்பேன்.

## 6. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெட்டுங்கள்

எல்லையையும் பிரோடெஸையும் ஒரே ஆள்கூற்று முறைக்குக் கொண்டுவந்து குறுக்குவெட்டு எடுங்கள். பரப்பளவு கணக்கிடும்போது கியூஜிஐஎஸ்ஸில் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியாவைப் பயன்படுத்துங்கள். அது பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும். குறியில்லாத ஏரியா, டிகிரியில் உள்ள கோப்புக்குச் சதுர டிகிரியைத் தரும். 1,200 ஹெக்டேர் பண்ணை 0.001 என்று வந்தால் காரணம் அதுதான்.

இப்போது எல்லையோரமாக மெல்லிய சீவல்கள் நிறைய வரும். புதியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லாவற்றையும் கூட்டி 'வெட்டு 7 ஹெக்டேர்' என்று எழுதுவார்கள், இல்லையென்றால் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பார்கள். பரப்பைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். எல்லையை ஒட்டி நீளமாக, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில், அதாவது 30 முதல் 60 மீட்டருக்குள் ஓடும் சீவல் பெரும்பாலும் கோடுகள் பொருந்தாததால் வருவது. உள்ளே தள்ளி, கச்சிதமாக, ஒரு பக்கம் சாலையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் முக்கால் ஹெக்டேர் உண்மையான வெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த வருடம் அது பெரிதாகும்.

எந்தச் சீவலை ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

## 7. இப்போது படத்தைத் திறக்கலாம்

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் பி11, பி8, பி4 என்ற ஒளி அலைப் பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக வையுங்கள். நின்ற காடு அடர்பச்சை, வெறும் மண் இளஞ்சிவப்பு, புதிதாகத் துளிர்த்த புதர் வெளிர்பச்சை என்று பிரிந்து நிற்கும். இயல்பு நிறத்தில் மட்டும் பார்த்தால் பசும்புல் மேய்ச்சல் நிலமும் காடும் ஒன்றுபோல ஏமாற்றும்.

அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முதுமலையின் கீழ்க்காட்டை மார்ச்சில் பார்த்திருந்தால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலை உதிர்ந்த மரங்களை மொட்டை நிலம் என்று நினைக்க வைக்கும். செராடோவில் ஆகஸ்டு, செப்டம்பரில் அதுதான் நடக்கும். ஏப்ரல் படத்தையும் செப்டம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வெட்டாத காடும் வெட்டியதுபோல் தெரியும்.

வடிவமும் பேசும். நேர்க்கோட்டு விளிம்பு மனிதக் கை. சூறைக்காற்றில் சாய்ந்த மரங்கள் விசிறிபோலப் பரவும்; ஆறு தடம் மாறினால் பிறைபோல வளையும். தீ பற்றிய இடத்தில் கருஞ்செம்மை நிறம் வந்து சில மாதங்களில் மங்கும். அடுத்த வருடப் படத்தில் அங்கே வரிசை வரிசையாகப் பயிர் இருக்கிறதா, மறுபடி பச்சையாகிவிட்டதா என்று பார்த்தால்தான் தீயா வெட்டா என்று தெரியும். ஆக, ஒரு துண்டுக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும்: முன், பின், அதற்கும் ஒரு வருடம் பின்.

ஒரு கோப்பை அப்படியே சொல்கிறேன். வடக்கு மாட்டோ குரோசோவில் ஒரு சோயாப் பண்ணை, உள்ளே பிரோடெஸ் 2021 முத்திரையோடு 11 ஹெக்டேர் துண்டு. வங்கிக்கு விவசாயக் கடன் கேள்வியும் உண்டு, ஐரோப்பிய வாங்குநரின் கேள்வியும் உண்டு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, '2021 என்று போட்டிருக்கிறது, 2020 டிசம்பருக்குப் பிறகுதான் வெட்டியிருக்கிறார்கள், இரண்டிலும் தோல்வி' என்று எழுதிவிட்டார்.

திரும்பப் போய்ப் பார்த்தோம். 2020 ஜூனில் அடர்பச்சை. அதே ஆண்டு செப்டம்பரில் துண்டின் கிழக்கு ஓரத்திலிருந்து பழுப்புக் கோடுகள், கிட்டத்தட்ட முழு நிலத்திலும் சாய்த்த மரங்கள். அதன்பிறகு மே வரை நல்ல படமே இல்லை. 2021 ஜூனில் இளஞ்சிவப்பு மண். இடைப்பட்ட மாதங்களுக்கு ராடார் படங்களை வரிசையாக வைத்தோம். அக்டோபரிலேயே சமிக்ஞை, அதாவது நிலத்தில் பட்டுத் திரும்பும் ராடார் அலையின் அளவு, கீழே இறங்கியிருந்தது. பிறகு ஏறவில்லை. ஆகவே வெட்டு 2020 ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில்.

விளைவு: ஐரோப்பியக் கட்-ஆஃபுக்கு முந்தியது, அந்தக் கேள்வியில் இந்தத் துண்டால் தடை இல்லை. விவசாயக் கடனின் கட்-ஆஃபுக்குப் பிந்தியது, அங்கே ஆவணம் கேட்க வேண்டும். 'தம்பி, முத்திரையைப் படிக்காதே, படத்தைப் படி' என்றேன். 'படத்தை முதலில் திறக்கக் கூடாது என்றீர்களே அண்ணா' என்றார். அதுவும் சரிதான்.

ராடாரில் ஒரு எச்சரிக்கை: வெட்டிச் சாய்த்த மரங்கள் தரையிலேயே கிடந்தாலும், மழையில் மண் நனைந்தாலும் சமிக்ஞை உயரமாகவே இருக்கக்கூடும். ஒரே ராடார் படத்தை வைத்துத் தேதி சொல்லாதீர்கள். தொடர்ச்சியாக ஐந்தாறு படங்களை வைத்து, இறங்கிய பிறகு கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

## 8. காகிதத்தைச் சேருங்கள்

வெட்டு உறுதியானால் மூன்று கேள்விகள். தாவரங்களை அகற்ற மாநில அனுமதி இருந்ததா. இருந்தால் அதன் தேதி, பரப்பு, எல்லை எல்லாமே வெட்டோடு பொருந்துகிறதா? 20 ஹெக்டேருக்கு அனுமதி வாங்கி வேறு மூலையில் 20 ஹெக்டேர் வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பிரேசில் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமாவின் தடைப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா? மூன்றாவது, பழங்குடி நிலத்தோடோ காப்பகத்தோடோ யாருக்கும் ஒதுக்காத அரசுக் காட்டோடோ எல்லை மேற்படிகிறதா? சி.ஏ.ஆர். சுய அறிக்கை என்பதால், அரசு நிலத்தின்மேலும் பதிவு வரைய முடிந்திருக்கிறது.

பிரோடெஸ் தவறாகக் குறித்திருக்கிறது என்று கடன்காரர் தொலையுணர்வு அறிக்கையோடு வந்தால் எடுத்த எடுப்பில் தள்ளாதீர்கள்; தவறும் நடக்கிறது. ஏழாவது படியை அவர் கொடுத்த படங்களில் செய்யாமல், நீங்கள் எடுத்த படங்களில் மறுபடி செய்யுங்கள்.

## 9. முடிவை எழுதும் விதம்

'காடழிப்பு இல்லாத பண்ணை' என்று ஒருபோதும் எழுத வேண்டாம். இப்படி எழுதுங்கள்: 'இந்தப் பதிவு எண்ணின், இந்த நாளில் இறக்கிய எல்லைக்குள், இந்த இரண்டு தேதிகளுக்கு இடையே, இந்தத் தரவின் இந்தப் பதிப்பில், இத்தனை ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டு காணப்படவில்லை.' படிக்க வறட்சியாக இருக்கும். சர்ச்சை வரும்போது ஒவ்வொரு சொல்லும் காப்பாற்றும்.

முடிவு மூன்றே வகை: போகலாம், ஆவணம் வந்த பிறகு பார்க்கலாம், நிறுத்து. 'குறைந்த அபாயம்', 'நடுத்தர அபாயம்' என்று ஐந்து நிறங்களில் கொடுத்தால் வங்கி அதிகாரி எல்லாவற்றையும் நடுவில் போட்டுவிடுவார்.

மாட்டுப் பண்ணை என்றால் கூடுதலாக ஒரு பத்தி கட்டாயம். கன்று ஒரு பண்ணையில் பிறந்து, இன்னொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் கொழுக்கும். நாம் பார்த்தது மூன்றாவது. முதல் இரண்டில் காடு போயிருந்தால் நம் படத்தில் தெரியாது. பிரேசில் வங்கிகளின் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட நெறி, சட்டப்படியான அமேசானிலும் மரன்யாவோ மாநிலத்திலும் உள்ள இறைச்சிக் கூடங்கள் மறைமுக விநியோகப் பண்ணைகளையும் தடம் பிடிக்க வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். மாடுகளின் போக்குவரத்துச் சீட்டு இல்லாமல் இந்த ஓட்டையைச் செயற்கைக்கோளால் அடைக்க முடியாது. அதை அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

## 10. கடன் போன பிறகு

ஒவ்வொரு தவணை விடுவிப்புக்கும் முன்னால் ஒரு சோதனை வையுங்கள். பணம் கையில் இருக்கும்போது வங்கி கேட்டால் பதில் வரும். முழுத் தொகையும் போன பிறகு கேட்டால் மின்னஞ்சல் திரும்பி வராது. இடையில் வாரம் ஒருமுறை எச்சரிக்கைத் தரவு போதும். தினமும் பார்க்க ஆரம்பித்தால் குறைந்த நம்பிக்கை எச்சரிக்கைகளிலேயே நாள் ஓடிவிடும்.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு கடன் நிறுவனத்தில் அது ஒரு பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போய், நான்கு மாதம் யாரும் திறக்கவில்லை. திறந்தபோது 9 ஹெக்டேராக இருந்தது 60 ஆகியிருந்தது. யார் பார்ப்பார், எத்தனை நாளில் கடன்காரருக்குக் கடிதம், எத்தனை நாளில் பதில், பதில் வராவிட்டால் அடுத்த தவணை நிற்குமா என்று நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வட்டியை இலக்கோடு கட்டிய கடனில், அடிப்படை அளவை எடுத்த தரவின் பதிப்பை உறைய வையுங்கள். உலக மரப்போர்வை வரைபடம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது, அதன் கணக்கீட்டு முறையும் இடையில் மேம்பட்டிருக்கிறது. முதல் வருடத்தை ஒரு பதிப்பிலும் மூன்றாம் வருடத்தை இன்னொன்றிலும் அளந்தால், காட்டில் எதுவுமே நடக்காமல் வட்டி ஏறலாம்.

அதனால் கோப்புறையில் எல்லைக் கோப்பு, பிரோடெஸ் லேயர், பார்த்த ஒவ்வொரு படத்தின் அடையாள எண்ணும் தேதியும், முன்-பின் படங்கள், பதிவுத்தாள் ஐந்தும் இருக்கட்டும். லேயரின் நகலை அப்படியே வையுங்கள், இணைப்பை மட்டும் சேமிக்க வேண்டாம். அடுத்த வெளியீடு வந்ததும் அதே இணைப்பு வேறு கோப்பைத் தரும்.